அய்யன் தடி

எங்க வீட்டு ஆசாரத்துக் கதவு மூலையில மூணு தடி சாத்தி வெச்சிருக்குது. ஒண்ணு எங்க அய்யனோட பிரம்புத் தடி. ஒண்ணு திருப்பூர்ல மெடிக்கல்ல வாங்குன அலுமினியத் தடி. இன்னொண்ணு நானே கொய்யாக் கொம்புல செதுக்குனது. மூணும் ஒரே ஆளுக்குத்தான். வயசு 78, உசரம் 4 அடி 10 இஞ்ச், எங்க அம்மா.

ஒரு ஆளுக்கு எதுக்கு மூணு தடின்னு கேப்பீங்க. அதத்தான் சொல்ல வர்றேன்.

அய்யன் அந்தப் பிரம்புத் தடிய அந்தியூர் குருநாதசாமி நோம்பியில வாங்குனாரு. ஆடி மாசம் அங்க குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தை கூடும். எங்க பக்கத்துல இருந்து மாடு பாக்கறதுக்குன்னே லாரி புடிச்சுப் போவாங்க. அப்ப அவருக்கு இப்ப எனக்கிருக்கிற வயசுகூட இல்ல. காலு வலி, முழங்கால் வலி எதுவும் கெடையாது. ஆனாலும் தடி வாங்குனாரு. மாட்டுச் சந்தைக்குப் போற ஆம்பளைங்க கையில ஒரு தடி இருந்தாத்தான் ஒரு எடுப்பு. கண்ணபுரம் சந்தையில துண்டுக்குள்ள கைய விட்டு வெரலப் புடிச்சு வெலை பேசறப்பகூட அந்தத் தடி அக்குள்ல இடுக்கியே இருக்கும். நல்ல கெட்டியான பிரம்பு, மேல வளைஞ்ச கைப்பிடி, அடியில பித்தளைப் பூண். ஊனி நடக்கறதுக்கு அது அவருக்குத் தேவைப்பட்டது கடைசி ஏழெட்டு வருசந்தான். அதுக்கு முன்னால அது துண்டு மாதிரி, கடியாரம் மாதிரி, ஒரு சாமான்.

பொம்பளைங்களுக்கு அப்படி இல்ல பாருங்க. எங்க ஊர்ல நல்லா நடக்கிற பொம்பளை தடியோட நடந்து நான் பாத்ததில்ல. ஆடு ஓட்டறதுக்குக் குச்சி எடுப்பாங்க, தழை பறிக்கத் தொரட்டி எடுப்பாங்க. ஊனறதுக்குன்னு தடி எடுத்தா, அவ்வளவுதான், ஆளு முடிஞ்சுதுன்னு அர்த்தம். எங்க அம்மாவுக்கு வலது முழங்கால் தேய்மானம்னு டாக்டர் சொல்லி ஆறு வருசம் இருக்கும். தடி வெச்சுக்கோன்னு சொன்னா, "நானென்ன ஔவையாரா"ன்னு கேக்கும். அந்த 1953ல வந்த ஔவையார் படத்த அது எத்தனை தடவ பாத்துச்சோ தெரியாது. கே.பி.சுந்தராம்பாள் எங்களுக்குப் பக்கத்துக் கொடுமுடிக்காரங்கன்னு அதுக்கு ஒரு தனிப் பெருமை வேற. ஆனா அந்தம்மா கையில இருந்த கோல மட்டும் இது தொடாது. செவுரப் புடிச்சு, கட்டல் காலப் புடிச்சு, மாட்டு முதுகப் புடிச்சு நடந்துக்கிட்டிருந்துச்சு.

அய்யன் தவறி ரெண்டு வருசம் ஆச்சு. கருமாதி முடிஞ்சு ஒறம்பரையெல்லாம் போன அடுத்த நாள் காலையில நான் பால் கறந்துக்கிட்டு இருக்கிறேன், அம்மா கட்டுத்தரைக்கு வருது. கையில அய்யன் தடி. நான் ஒண்ணும் கேக்கலை, அதுவும் ஒண்ணும் சொல்லலை. எப்படியோ தடி எடுத்துச்சேன்னு எனக்கு நிம்மதியாத்தான் இருந்துது. பாக்க வேண்டியத அங்கதான் நான் பாக்காம விட்டேன்.

அய்யன் 5 அடி 8 இஞ்ச். அம்மா அவரு தோளுக்குக் கீழ. அவரு தடியோட வளைவு அம்மாவுக்கு நெஞ்சுக்குழிக்குப் பக்கத்துல வந்துச்சு. அதனால அம்மா கைப்பிடியப் புடிக்கவேயில்ல. அதுக்கு ஒரு சாண் கீழ, வெறும் தண்டப் புடிச்சுத்தான் நடந்துச்சு. இத நான் ஒரு வருசம் தெனமும் பாத்திருக்கிறேன். தப்பாத் தெரியல. ஏன்னு பொறவு யோசிச்சேன். எங்க கண்ணுக்குத் தடின்னா ஆடு மேய்க்கிறவங்க தடிதான். அது நெஞ்சு உசரம் இருக்கும். ரெண்டு கையையும் மேல வெச்சு, தாடைய அதுமேல ஊனிக் கொரங்காட்டுல நாள் பூராவும் நிக்கறதுக்கு அந்த உசரந்தான் வேணும். சிலம்பம் ஆடற கம்பு இன்னும் உசரம், நெத்தி வரைக்கும் வரும். தூரமா நடக்கிற ஆளுக்கும் உசரமான கோல் சரிதான். 1930ல காந்தி உப்பெடுக்கத் தண்டிக்கு 24 நாள் நடந்தாரு, அப்ப அவருக்கு 60 வயசு. சிலையில படத்துல எல்லாம் பாருங்க, கோல் நல்லா உசரமாத்தான் இருக்கும். அதெல்லாம் ஒடம்ப முன்னால இழுத்துக்கிட்டுப் போற கோலு. வலிக்கிற காலுக்குப் பதிலா பாரம் தாங்கற தடி வேற. அது கையக் கீழ அழுத்தி ஊனற தடி. கை நெஞ்சுக்கு நேரா இருந்தா எப்படிக் கீழ அழுத்த முடியும்? இதெல்லாம் இப்பப் பேசறேன். அப்பத் தெரியலை.

அம்மாவுக்கு வலது தோள்பட்டை வலிக்குதுன்னு தைலம் தேச்சுவிட்டது என் சம்சாரம். மாடு இழுத்திருக்கும்னு நெனச்சோம்.

போன ஐப்பசி மழையிலதான் விழுந்துச்சு. அதுலயும் என் தப்பு ஒண்ணு இருக்குது. மக கல்யாணத்துக்காக ஆசாரத்துக்கும் வெளித் திண்ணைக்கும் டைல்ஸ் போட்டிருந்தேன். பழைய சிமெண்டுத் தரை வெடிச்சுப் போய்க் கெடந்துது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றப்ப பளபளன்னு இருக்கட்டும்னு, மொகம் தெரியற மாதிரி டைல்ஸ். அய்யன் தடியோட பித்தளைப் பூண் மண்ணுல நல்லாக் குத்தி நிக்கும். காட்டுல நடக்கிற ஆளுக்கு அது போதும். சாரல் அடிச்ச டைல்ஸ்ல அது சறுக்கு விளையாடும். விடியக்காலம் அம்மா திண்ணையில தடிய வெச்சுது, தடி போச்சு, கூடவே அம்மாவும் போச்சு. படி வெளிம்புல நெத்தி பட்டு 4 தையல். எலும்பு முறியல. நான் போட்ட டைல்ஸ் மேல ரெத்தம் கெடந்ததப் பாத்தது நான்தான். டைல்ஸ்ல ரெத்தம் கறையே புடிக்காதுங்க, ஒரு தொடைப்புல போயிரும்.

ஆஸ்பத்திரியில தையல் போட்டதுக்கு அப்புறம் பிசியோதெரபி பாக்கற பொண்ணுகிட்ட அனுப்புனாங்க. சின்னப் பொண்ணு, எம் மக வயசுதான். அம்மாவ எட்டடி நடக்கச் சொல்லிப் பாத்துது. என்னையப் பாத்து, "அண்ணா, இது யாரோட ஸ்டிக்?"னு கேட்டுது. எங்க அய்யனோடதுன்னேன். "பாட்டிக்கு இது ரொம்ப உசரம். அதோட தப்பான கையில புடிச்சிருக்காங்க"ன்னுச்சு.

தப்பான கைன்னா, அம்மாவுக்கு வலது கால்தான் மோசம், வலது கையிலதான் தடிய வெச்சிருந்துச்சு. எல்லாரும் அப்படித்தானே வெப்பாங்க? வலிக்கிற பக்கம் முட்டுக் குடுக்கறதுதானே ஞாயம்? இல்லையாம். நல்ல கால் பக்கத்துக் கையிலதான் தடி இருக்கணும். அந்தப் பொண்ணு சொன்ன வெதம் எனக்குச் சட்டுன்னு புரிஞ்சுது. சும்மா கைய வீசி நடந்து பாருங்க. வலது கால் முன்னால போறப்ப எந்தக் கை முன்னால வருது? இடது கை. அப்ப இடது கையில தடி இருந்தா, வலது கால் தரையில படற அதே நேரத்துல தடியும் தரையில படும். பாரம் ரெண்டா பிரிஞ்சுக்கும். வலது கையிலயே தடி இருந்தா ஒடம்பு மொத்தமும் கெட்ட கால் பக்கமே சாயும். நொகத்தடியில ஒரு மாடு சண்டின்னா அதே பக்கம் இன்னும் பாரத்த ஏத்துவமா?

அம்மாவுக்கு இது புடிக்கவேயில்ல. "நொட்டாங்கையில தடி புடிச்சா பாக்கறவங்க சிரிப்பாங்க"ன்னுச்சு. அந்தப் பொண்ணு நல்ல சாமர்த்தியக்காரி. "பாட்டி, கோயில்ல திருநீறு எந்தக் கையில வாங்குவீங்க? அந்தக் கை காலியா இருக்கணும்ல?"ன்னுச்சு. அம்மா யோசிச்சுது.

அளவு எடுக்கிற முறையும் அங்கதான் கத்துக்கிட்டேன். டவுன்ல இருக்கிறவங்க கவனமாக் கேட்டுக்கங்க, ஏன்னா நீங்கதான் ஆன்லைன்ல ஆர்டர் போட்டு ஊருக்கு அனுப்பி வெக்கறீங்க. ஆளு வழக்கமாப் போடற செருப்பப் போட்டுக்கிட்டு நிக்கணும். கை ரெண்டும் தளர்வாத் தொங்கணும். மணிக்கட்டுல உள்பக்கம் ஒரு மடிப்புக் கோடு ஓடும் பாருங்க, அந்தக் கோட்டுக்கு நேரா தடியோட கைப்பிடி மேல்பக்கம் வரணும். அப்படி இருந்தா, தடியப் புடிச்சு ஊனறப்ப முழங்கை லேசா மடங்கி நிக்கும். அந்த மடக்குலதான் அழுத்தறதுக்குத் தெம்பு இருக்குது. தடி உசரமாப் போச்சுன்னா முழங்கை ரொம்ப மடங்கி, தோள் மேல தூக்கிக்கும், தோளும் கழுத்தும் வலிக்கும். அம்மாவுக்கு மாடு இழுக்கலை, தடிதான் இழுத்திருக்குது. குட்டையாப் போச்சுன்னா ஆளு முன்னால குனிஞ்சு, தடிப் பக்கமே சாஞ்சு நடக்கும். முதுகு போயிரும்.

ஒரு கணக்கும் சொல்லுவாங்க, ஆளு உசரத்துல பாதி, அதோட அரை இஞ்ச்னு. நிமுந்து நிக்கிற ஆளுக்கு அது கிட்டத்தட்ட வரும். எங்க அம்மாவுக்கு அந்தக் கணக்குப்படி 29½ இஞ்ச் வரணும். ஆனா அம்மா கூன் போட்டிருச்சு. கூன் போட்ட ஆளுக்குக் கை இன்னும் கீழ தொங்கும். அளந்தா 28½ தான். கணக்க நம்பறதவிட மணிக்கட்ட நம்புங்க.

இன்னொரு விசயம். அளவெடுக்கறேன்னு சொன்னா எல்லாரும் பட்டாளத்துக்காரன் மாதிரி வெறப்பா நிப்பாங்க. அம்மாவும் அப்படித்தான் நின்னுச்சு. அந்தப் பொண்ணு பத்தடி நடக்க வெச்சு, பேச்சுக் குடுத்து, நிக்கச் சொல்லி அப்புறம் டேப்ப வெச்சுது.

வர்ற வழியிலயே மெடிக்கல்ல அலுமினியத் தடி வாங்கியாச்சு. பட்டன அமுக்கி ஓட்டை ஓட்டையா உசரம் மாத்தலாம், அடியில ரப்பர் இருக்கும், எடை ஒண்ணுமில்ல. கொறை சொல்ல முடியாத சாமான். வயசானவங்களுக்கு எதையும் யோசிக்காம வாங்கறதா இருந்தா அதையே வாங்குங்க. நாலு கால் வெச்ச தடியும் இருந்துது. பக்கவாதம் வந்தவங்களுக்கு, வீட்டுக்குள்ள சமதளமா நடக்கறவங்களுக்கு அது நல்லது. எங்க வாசல்ல, கட்டுத்தரையில நாலு காலும் ஒண்ணா தரையத் தொடற எடமே கெடையாது. ஒரு கால் எப்பவும் அந்தரத்துல நிக்கும். வேண்டாம்னுட்டேன்.

அம்மா அந்த அலுமினியத் தடிய மூணு நாள் புடிச்சுது. நாலாம் நாள் அது கதவு மூலைக்குப் போயிருச்சு. "காத்தால தொட்டாச் சில்லுங்குது. ஆஸ்பத்திரி வாடை அடிக்குது. டக்கு டக்குன்னு ஆட்டம் காட்டுது." மறுபடியும் அய்யன் தடி.

எனக்குக் கோவம். சிவன்மலைக் கோயில்ல ஆண்டவன் உத்தரவுப் பெட்டின்னு ஒண்ணு இருக்குது, கேள்விப்பட்டிருப்பீங்க. யாரோ ஒரு பக்தர் கனவுல ஆண்டவன் வந்து சொல்ற பொருளக் கொண்டாந்து கண்ணாடிப் பெட்டியில வெப்பாங்க. "அந்தப் பெட்டியில அலுமினியத் தடி வெச்சாத்தான் நீ கேப்பே"ன்னு கத்திட்டேன். "பழனியாண்டவன் கையிலயே தண்டந்தான் இருக்குது, அலுமினியம் இல்ல"ன்னு பதில் வந்துது.

சரி, மரத்துலதான் வேணுமா, மரத்துலயே செஞ்சு குடுக்கறேன்னு எறங்குனேன். எந்த மரம்னு யோசிச்சதுல ஒரு வாரம் போச்சு. வெள்வேலம் எங்க கொரங்காடு பூராவும் நிக்குது, உறுதிக்குக் கொறைவில்ல, ஆனா கனம். 78 வயசுக் கை நாள் பூராவும் தூக்கணும். புளியும் அப்படித்தான். சவுக்கு நேரா கெடைக்கும், ஆனா காஞ்சா நெடுக்க வெடிக்கும். நொச்சி லேசு, ஆனா கோழி வெரட்டத்தான் லாயக்கு. கெட்டி மூங்கில் நல்ல மரம். உள்ள ஓட்டை அதிகமில்லாம, லேசா, உறுதியா இருக்கும். போலீஸ் லத்திக்கே அது ஆகும். ஆனா மூங்கில்ல கைப்பிடி வராது. தனியாச் செஞ்சு சொருகணும். சொருகுன எடம் எப்பவும் ஒரு நாள் ஆடும். பாரம் முழுக்க அங்கதானே விழுது.

கடைசியில கொய்யாவுக்கு வந்தேன். சின்ன வயசுல உண்டிவில்லுக்குக் கவட்டை எதுல வெட்டுவோம்? கொய்யாவுலதான். நார் நெருக்கமான மரம், சுலபத்துல பொளக்காது. தடிச்ச கொம்புல இருந்து பக்கக் கொம்பு நேரா வெலகி வர்ற எடமாப் பாத்து எடுத்தா, தடிச்ச கொம்பு கைப்பிடி ஆயிரும், பக்கக் கொம்பு தண்டு ஆயிரும். ரெண்டும் ஒரே மரம், ஒட்டே கெடையாது. கைப்பிடிக்கு நாலு வெரலும் அடங்கற அகலம் விட்டு, முன்னயும் பின்னயும் அறுத்துக்கணும். கைப்பிடியோட கனம் முக்கியம். ரொம்ப மெல்லிசா இருந்தா வயசான வெரல் இறுக்கிப் புடிக்கறதுக்கே பாதித் தெம்பு போயிரும்.

முதல் கொம்பு பாழாப் போச்சு. அவசரக்காரன் நான். பச்சையா வெட்டி, தோல உரிச்சு, மொட்டை மாடி வெயில்ல போட்டேன். ஒரே வாரத்துல நுனியில இருந்து ஒரு சாணுக்கு வெடிச்சுது. ரெண்டாவத தேய்பிறையில வெட்டுனேன். பெரியவங்க மரம் வெட்டறதுன்னா தேய்பிறைதான், புழு வெக்காதும்பாங்க. நான் அத ஆராய்ச்சி பண்ணப் போகலை, அப்படியே செஞ்சேன். தோலோட விட்டு, அறுத்த வாய் ரெண்டுலயும் சாணியப் பூசி, அட்டாலியில நெழல்ல மூணு மாசம் போட்டு வெச்சேன். வாய் வழியா வேகமாக் காயறதுனாலதான் வெடிப்பு வருது, அத அடைச்சுட்டா உள்ள மெதுவாக் காயும். அப்புறம் லேசா இருந்த வளைவ நெருப்புல வாட்டி, படிக்கட்டுச் சந்துல கொடுத்து நிமித்துனேன். கண்ணாடிச் சில்லால சொரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ஆளிவிதை எண்ணெய் ரெண்டு கை பூசி ஒவ்வொரு கைக்கும் நாலு நாள் காய விட்டேன். ரெண்டு செங்கலுக்கு நடுவுல பாலம் மாதிரி வெச்சு மேல ஏறி நின்னு பாத்தேன். என் எடை 68 கிலோ. அசையல. 28½ இஞ்ச், ரப்பரோட சேத்து. சொல்லக் கூடாது, அழகாவும் இருந்துது.

அம்மா அதத் தடவிப் பாத்துது. "நல்லா பண்ணியிருக்கறே சாமி"ன்னுச்சு. நடந்தும் காட்டுச்சு. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு.

பத்து நாள் கழிச்சு மழை பேஞ்ச மறுநாள் காட்டுல இருந்து நடுப்பகல்ல வீட்டுக்கு வர்றேன். வாசல்ல இருந்து கட்டுத்தரை வரைக்கும் ஈரமண்ணுல அம்மா காலடி. பக்கத்துலயே வரிசையா சின்னச் சின்ன வட்டக் குழி, அரையணாக் காசளவு. ரப்பர் அப்படிக் குழி போடாது. பித்தளைப் பூண்தான் போடும். நான் வீட்டுல இருக்கறப்ப கொய்யாத் தடி, காட்டுக்குப் போனா அய்யன் தடி. என் சம்சாரத்துக்கும் தெரிஞ்சிருக்குது. "அத்தை சொல்ல வேண்டாம்னாங்க"ன்னுட்டா.

அன்னைக்கு நான் கத்தலை. பக்கத்துல உக்காந்து கேட்டேன். ஏம்மா, மறுக்கா விழுந்தா இடுப்பு ஒடைஞ்சிரும், தெரியுதா?

"நல்ல தடி. காசு குடுத்து வாங்குனது. சும்மா மூலையில கெடக்கோணுமா?" அவ்வளவுதான் சொல்லுச்சு.

நான் யோசிச்சுப் பாத்தேன். அய்யனும் அம்மாவும் ஒண்ணாப் பக்கத்துல பக்கத்துல நடந்து நான் பாத்ததேயில்ல. சந்தைக்கோ நோம்பிக்கோ போனா அவரு முன்னால தடியோட வேகமாப் போவாரு. அம்மா பத்தடி பின்னால கூடையோட வரும். சென்னிமலையில 1,320 படியும் அப்படித்தான் ஏறியிருப்பாங்க. அவரு மேல போயி நின்னு திரும்பிப் பாப்பாரு. அந்தத் தடி அம்மா கைக்கு வந்ததே இப்பத்தான். ஆனா இதெல்லாம் நான் நெனக்கறது. அம்மா சொன்னது காசு கதைதான்.

அப்ப அந்தத் தடியவே அறுத்துச் சின்னதாக்கிரலாம்னேன். சட்டுன்னு தடிய இழுத்து மடியில வெச்சுக்கிச்சு. ரப்பர மட்டும் மாட்டலாம்னா பூண் கூம்பா இருக்குது, மாட்டுனா கழண்டுக்கும். அது மட்டும் சரி பண்ணுனாலும் உசரம் அப்படியேதான் இருக்கும். நைட்டு தூங்கறப்ப எடுத்துப் போயி அறுத்துரலாமான்னுகூட நெனச்சேன். ரம்பத்தக்கூட எடுத்து வெச்சேன். என் சம்சாரந்தான், "நீங்க அறுத்தீங்கன்னா அத்தை இந்த ஜென்மத்துக்கு உங்ககூடப் பேச மாட்டாங்க"ன்னா. வெச்சுட்டேன்.

சித்திரையில கொட்டாய்க் கதவு ஒண்ணு தொங்கிப் போச்சுன்னு எங்க ஊரு ஆசாரியார வரச் சொன்னேன். அவருக்கும் எழுவது தாண்டியிருச்சு. வேலை முடிச்சு மோர் குடிக்கறப்ப அம்மா மடியில இருக்கிற தடியப் பாத்தாரு.

"ஏனுங்க அம்மிணி, பெரியவரு தடியாட்ட இருக்குது?"

"அவருதுதான். இத அறுக்கோணும்னு நிக்கறான் இவன்."

"அறுத்தா என்னங்க? நானே ரெண்டு வாட்டி அறுத்திருக்கறனே."

அம்மா நிமுந்து பாத்துச்சு. "எப்ப?"

"ஒருக்கா பூணு தேஞ்சு போச்சுன்னு கொண்டாந்தாரு. பழச எடுத்துட்டுப் புதுசு போடறப்ப அரை இஞ்ச் போச்சு. பொறவு அவரு போறதுக்கு ரெண்டு வருசம் முந்தி ஒருக்கா வந்தாரு. தடி பெருசாத் தெரியுது, கொஞ்சம் கொறைன்னாரு. தடி வளருமுங்களா? அவரு கொறைஞ்சுட்டாரு."

அம்மா அதுக்கு ஒண்ணும் சொல்லலை. ஆசாரியார் போனதுக்கு அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே"ன்னு மட்டும் சொல்லுச்சு. யாரச் சொல்லுச்சுன்னு நான் கேக்கலை.

ரெண்டு நாள் போச்சு. காலையில மாட்டுக்குத் தட்டு வெட்டிக்கிட்டு இருக்கறேன், பின்னால வந்து நிக்குது, செருப்புப் போட்டுக்கிட்டு. "அந்த அளவு எடுப்பயே, அத எடு."

பத்தடி நடக்கச் சொல்லி, வெள்ளாமை பத்திப் பேச்சுக் குடுத்து, மணிக்கட்டுக் கோட்டுக்கு அளந்தேன். பழைய 28½ தான். தடியத் தலைகீழாக் கவுத்து, வளைவு தரையில படற மாதிரி அம்மா பக்கத்துல நிறுத்தி, மணிக்கட்டுக்கு நேரா மார்க் பண்ணுனேன். சரியா அளவெடுக்க இதான் நல்ல வழி. ரப்பரோட அடிக் கனத்துக்கு அரை இஞ்ச் கழிச்சேன். ஆனா அறுக்கறப்ப மொதல்ல ஒரு இஞ்ச் அதிகமா விட்டுத்தான் அறுத்தேன். அறுத்தத ஒட்ட முடியாதில்ல. பிரம்பு நாரு பிஞ்சிரும்னு அறுக்கற எடத்தச் சுத்தி டேப் ஒட்டி, பல்லு சின்னதா இருக்கிற ஆக்சா பிளேடுல அறுத்தேன். அம்மா நடந்து பாத்து, "இன்னுங் கொஞ்சம்"னுச்சு. அப்புறம் மிச்சத்தையும் எடுத்தேன். மொத்தமா 7 இஞ்ச். அறுக்கறப்ப அம்மா எந்திரிச்சுப் போயிரும்னு நெனச்சேன். போகலை. தடியோட வளைவ அதுதான் அசையாமப் புடிச்சிருந்துச்சு.

ரப்பர் வாங்கறப்ப தடியக் கையோட எடுத்துட்டுப் போங்க. 16 மில்லி, 19 மில்லி, 22 மில்லின்னு அளவு இருக்குது. லூசா இருந்தா நடுவழியில கழண்டு நிக்கும். அதவிடப் பூண் தேவலை. ரப்பரோட அடியில வரி வரியா இருக்கும், டயர்ல இருக்கிற மாதிரி. அந்த வரி தேஞ்சு வழவழன்னு ஆயிட்டா மாத்திரணும். அம்மா மாசத்துக்கு ஒருக்கா கவுத்துப் பாக்கறது என் வேலை. ராத்திரி தடிய தரையில போட வேண்டாம், இருட்டுல அதுவே காலத் தட்டும். கட்டல்ல கை எட்டற எடத்துல மாட்டி வெக்கிறதுக்கு ஒரு ஆணி அடிச்சிருக்கறேன். வளைஞ்ச கைப்பிடிக்கு அது ஒரு சௌகரியம், எங்க வேணா தொங்கும்.

திண்ணை டைல்ஸ எடுத்துட்டுச் சொரசொரன்னு இருக்கிற டைல்ஸ் போட்டுட்டேன். செலவு ஆச்சு, அதப் பேச வேண்டாம். தோள் வலி ஒரு மாசத்துல கொறைஞ்சுது. நொட்டாங்கைப் பழக்கம் இன்னும் முழுசா வரல. ஆளுக யாராச்சும் வாசல்ல நின்னா தடி சோத்துக்கைக்கு மாறிக்கும், அவங்க போனதும் திரும்பி வந்துக்கும். படியில மட்டும் அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்தபடி அச்சு பிசகாம நடக்குது. ஏறறப்ப நல்ல கால் முன்னால, எறங்கறப்ப தடியும் கெட்ட காலும் முன்னால. கோயில் படியில மத்த கெழவிகளுக்கும் இத அதட்டிச் சொல்லிக் குடுக்குதாம்.

அறுத்து எடுத்த 7 இஞ்ச் துண்டு, பூணோட, அம்மா பத்திரமா வெச்சுக்கும்னு நெனச்சு ஒரு துணியில தொடைச்சுக் குடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துது. மறுநாள் பாத்தா கோழிக் கூண்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளாச் சொருகியிருக்குது. கச்சிதமாத்தான் இருக்குது.

கொய்யாத் தடியும் அலுமினியத் தடியும் மூலையில நிக்குதுங்க. ஒறம்பரைக்கு வர்ற பெரியவங்களுக்கு ஆகும்னு அம்மா சொல்லுது. அட்டாலியில இன்னொரு கொய்யாக் கொம்பு சாணி பூசிக் காஞ்சுக்கிட்டு இருக்குது, இது 34 இஞ்சுக்கு. யாருக்குன்னு என் சம்சாரம் கேட்டா. ஆடு ஓட்டறதுக்குன்னு சொல்லியிருக்கறேன். அவ என் முழங்காலப் பாத்துட்டுப் போனா.